ஆட்ஸை ஆட்ஸோடு பெருக்காதே, மக்கா

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

நீ அனுப்பிய பந்தயச் சீட்டின் படத்தை ராத்திரி கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நாலு ஆட்டம், நாலிலும் ஆட்ஸ், அதாவது கடைக்காரன் தரும் பந்தய விகிதம், 10/11 (11 கட்டி ஜெயித்தால் 10 லாபம்). பத்து பவுண்டு கட்டி நாலும் ஜெயித்தால் 132 பவுண்டு 83 பென்ஸ். அங்கே பிரிட்டனில் இது சட்டப்படி நடக்கிற கடை என்று தெரியும்; திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் போனில் நீ சொன்ன கணக்கை அப்படியே விட மனசு வரவில்லை.

"ஒவ்வொண்ணும் சரிபாதி ஆட்டம்தானே, நாலும் சேர்ந்தாலும் வாய்ப்பு பெருசா குறையாதுப்பா" என்றாய். ஆட்ஸை ஆட்ஸோடு பெருக்கினால் அப்படித்தான் தோன்றும். ஒன்றுக்கு ஒன்றை ஒன்றுக்கு ஒன்றால் பெருக்கினால் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் நாணயத்தை இரண்டு தடவை சுண்டி இரண்டிலும் தலை விழுவது நாலில் ஒரு தடவைதான். முதலில் நிகழ்தகவாக மாற்று, பிறகு பெருக்கு. 3/1 என்றால் தோல்விக்கு மூன்று பங்கு, வெற்றிக்கு ஒரு பங்கு. மொத்தம் நாலு, நிகழ்தகவு 1/4. அப்படி இரண்டு ஆட்டமும் ஜெயிக்க 1/16. அதன் ஆட்ஸ் 15/1, நீ நினைக்கிற 9/1 இல்லை.

உன் சீட்டுக்கு வருவோம். சரிபாதி ஆட்டம் நாலும் ஜெயிக்க 1/16. நியாயப்படி பத்து பவுண்டுக்கு 160 தர வேண்டும். 10/11-ஐ நிகழ்தகவாக மாற்றினால் 11/21. எதிரணிக்கும் அதே 10/11 தான் போட்டிருப்பான். இரண்டையும் கூட்டிப் பார், 22/21. ஒன்றுக்கு மேல் நிற்கிற அந்த 1/21-ல்தான் கடைக்காரன் பிழைப்பு. ஒரே ஆட்டத்தில் பத்து பவுண்டு கட்டினால் சராசரியாக 9.55 திரும்பி வரும். நாலையும் கோத்துக் கட்டினால் 8.30 தான், ஏனென்றால் அவன் பிடித்தமும் நாலு தடவை பெருகுகிறது. கோத்துக் கட்டச் சொல்லி ஏன் அவ்வளவு ஆசை காட்டுகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

"மூணு வாரம் தோத்தாச்சு, இந்தத் தடவை வந்தே தீரும்" என்றும் சொன்னாய். போன வாரத்து ஆட்டம் இந்த வாரத்துப் பந்துக்குத் தெரியாது, மக்கா. சார்பிலா நிகழ்ச்சிகள் என்று படித்தோமே, அதுதான் இது. (1654-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் இந்தக் கணக்கை வளர்த்ததும் கடிதத்தில்தான், சூதாட்டக் கேள்வியை வைத்துத்தான்.)

ஆனால் ஒன்றையொன்று சாராதவை என்று எதையும் சும்மா எடுத்துக்கொள்ளாதே. அண்ணன் ஒரு படகில், தம்பி வேறு படகில் போகிறார்கள். ஒரு படகு திரும்பாமல் போவது ஐம்பதில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டும் திரும்பாமல் போவது 2500-ல் ஒன்று என்று பேப்பரில் வரும். என்ஜின் கோளாறுக்கு அந்தக் கணக்கு சரி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது படகுகள் வேறு வேறு, காற்று ஒன்று. அப்போது மீனவ ஊரான சின்னத்துறைக்கு நாம் போனது உனக்கு ஓர்மை இருக்கா? ஒரு வீட்டில் ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் அடுத்த வீட்டிலும் அழுகை. அன்றிலிருந்து வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பெருக்குவதற்கு முன்னால், "பொதுவான காரணம் ஏதாவது இருக்கா பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் இருந்ததில்லை. ஒரு அணி ஜெயிக்கும், அதே அணியின் தொடக்க ஆட்டக்காரர் சதம் அடிப்பார் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவனுக்கும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த சீட்டுப் போடும் முன் ஒரு கணக்கு செய்து அனுப்பு. 3/1 ஆட்டம் இரண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்றாவது ஜெயிக்க வாய்ப்பு என்ன? நாலில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டிப் பாதி என்று எழுதிவிடாதே. இரண்டும் தோற்கிற நிகழ்தகவை எடுத்து ஒன்றிலிருந்து கழி. 7/16 வர வேண்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனிலேயே சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா