ஜாடிக்குள் இருக்கும் மூளை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

அனாட்டமி மியூசிய ஜாடிகளில் இருக்கும் மூளையை எம்ஆர்ஐயில் வைத்தால் ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே தெரியும். உயிர் போனாலும் திசுவில் தண்ணீர் இருக்கிறதே. நரம்பு இழையின் நீளவாக்கில் அது சுலபமாக நகரும், குறுக்கே அவ்வளவு சுலபமில்லை. பல திசைகளில் அந்த நகர்வை அளந்தால் இழைகள் ஓடும் வழி கிடைத்துவிடும்.

ஆனால் மூளை கெடாமல் இருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் சும்மா விடுமா? தண்ணீரின் நகர்வு உயிருள்ள மூளையில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. சிக்னலும் சீக்கிரம் மங்கிவிடும். ஸ்கேன் அந்த நகர்வை எவ்வளவு கூர்மையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ‘பி மதிப்பு’ என்று ஓர் அளவு உண்டு. நோயாளிகளுக்கு நாங்கள் வைப்பது 1000. இதற்கு 4000 வரைகூடப் போகிறார்கள், ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடும். நல்லவேளை, இந்த நோயாளி அசையமாட்டார். ஸ்கேனுக்கு முன்பு சலைனில் ஊறவைத்து ஃபார்மலினைக் கழுவி எடுப்பார்கள். பிறகு ஃபாம்ப்ளின் என்ற ஃப்ளூரின் எண்ணெயில் அமிழ்த்துவார்கள். எம்ஆர்ஐ பார்ப்பது ஹைட்ரஜனைத்தான், அந்த எண்ணெயில் அது கிடையாது, அதனால் படத்தில் மூளையைச் சுற்றி வெறும் கறுப்புதான். காற்றுக் குமிழி சிக்கினால்தான் தொல்லை, அந்த இடத்தில் படமே கோணலாகிவிடும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததே டாஸ்மேனியப் புலியால்தான். பெயர்தான் புலி, கங்காரு மாதிரி பையுள்ள பிராணி. கடைசிப் புலி 1936இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்துப்போனது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒன்று, சிட்னி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் ஒன்று என்று அதன் இரண்டு மூளைகள் இருந்தன. சுமார் நூறு வருஷப் பழசு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர் கிரிகரி பெர்ன்ஸும் ஆஸ்திரேலியாவின் கென் ஆஷ்வெல்லும் அவற்றை டிஃப்யூஷன் ஸ்கேன் (தண்ணீரின் நகர்வை அளக்கும் அதே ஸ்கேன்) செய்து, அதன் உறவான டாஸ்மேனியன் டெவில் என்ற பையுள்ள பிராணியின் மூளையோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய திசுவிலும் இழைகளின் போக்கைத் தொடர முடிந்திருக்கிறது! திட்டமிடும் பகுதிக்குப் புலியின் மூளையில் இடம் அதிகம், வேட்டையாடும் பிராணிக்கு அது பொருந்துகிறது என்கிறார்கள். இழைகளின் வழியை நம்புகிறேன். இரண்டே மூளைகளை வைத்து அதன் குணத்தைச் சொல்வதைத்தான் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

அப்புறம், உங்கள் ஜாடிகளில் இருப்பது ஃபார்மலினா, ஸ்பிரிட்டா (ஆல்கஹாலா)? ஸ்பிரிட் தண்ணீரை உறிஞ்சித் திசுவைச் சுருக்கிவிடும். லேபிளில் வருஷமும், இறந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு பதப்படுத்தினார்கள் என்பதும் இருந்தால் குறித்து அனுப்பு. அந்த நேரம் கூடக் கூடப் படம் கெடும்.

அன்புடன்,
பாஸ்கரன்