படுவான்கரைக்கு வரும் பணமும் தங்கள் கட்டுரையாளரின் கவலையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் அஸ்வெசும கொடுப்பனவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பிள்ளை உரக்க வாசித்தாள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் இந்தப் பணம் சாராயக் கடையைத் தாண்டி வீடு வந்து சேர்வதில்லை என்றும், உழைத்துச் சாப்பிட்ட சனத்தை அது சோம்பேறிகளாக்கிவிட்டது என்றும் எழுதப்பட்டிருந்த இடம் வந்ததும், அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு வாசிப்பதா என்று கேட்டாள். வாசிக்கச் சொன்னோம். கட்டுரையாளரின் தமிழ் அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் குடிப்பவர்களே இல்லை என்று நான் எழுதினால் தாங்களே சிரிப்பீர்கள். இருக்கிறார்கள். அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த சமுர்த்தி உதவிக் காலத்திலும் குடித்தார்கள். பட்டியலில் பெயர் வராதவர்களும் குடிக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்களும் குடிக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் ஞாயிறு இதழில் கட்டுரை வருவதில்லை. உதவிப் பணம் குடியைக் கூட்டுகிறதா என்பதை உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, மதுவுக்கும் புகையிலைக்கும் போகும் செலவு அதனால் கூடியதாகத் தெரியவில்லை என்று 2014 இலேயே எழுதிவிட்டார்கள் என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. அது வெளிநாட்டுக் கதை என்று தள்ளினாலும், 2024 இல் வழங்கப்பட்ட மதுபானக் கடை அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் நம் பாராளுமன்றத்திலேயே சமர்ப்பிக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். கடைக்கு அனுமதி கொடுத்தவர்களை விட்டுவிட்டு, அந்தக் கடையடியால் பஸ்ஸுக்கு நடந்து போகும் பெண்ணின் கைப்பையைச் சோதிப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

அந்தக் கைப்பையில் இருப்பது எங்கே போகிறது என்பதைக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம். எங்கள் பக்கத்தில் இந்தக் காசை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்களில் பலர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போகிறோம். மண்டூர்ப் பக்கத்தார் குருமண்வெளித் துறைக்குப் பாதை என்னும் மிதவைப் படகில் வாவியைக் கடக்கிறார்கள். காசோடு திரும்புகிறவள் முதலில் ஏறுவது கடைப்படி. முதலாளி கொப்பியைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார்: பருப்பு அரைக் கிலோ, சீனி கால் கிலோ, சவர்க்காரம் ஒன்று, தேங்காய்ப் பாதி, பனடோல் ஒரு கார்ட், மறுபடியும் பருப்பு. வாசித்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டே போவார். கடைசி வரி வெட்டப்பட்ட பின் அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டு, அன்றைக்கு வேண்டிய அரிசியை எழுதுவார். கடன் அடைந்ததால்தான் அடுத்த கடன் கிடைக்கிறது; அந்தப் பணம் செய்கிற பெரிய வேலை இதுதான். மிச்சம் இருந்தால் பிள்ளையின் சப்பாத்து. 2025 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 6,000 ரூபா கொடுத்தபோது, பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் புதுக் கொப்பியோடு வந்ததை எங்கள் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களே சொல்வார்கள்.

உழைப்பைப் பற்றியும் கட்டுரையாளர் வருந்துகிறார். என் தாயார் காலத்தில் பெரும்போக வேளாண்மை விளைந்தால் நிலச்சொந்தக்காரரான போடியாரின் வயல் வட்டையில் வெட்டுவதற்கும், உப்பட்டி கட்டுவதற்கும், சூடடிப்பதற்கும் ஊரே திரண்டு போகும். அந்தக் கூலி நெல்லில் மாதக்கணக்காக அடுப்பெரியும். இன்றைக்கு அறுவடை இயந்திரம் ஒன்று வந்து இறங்கினால் ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிடுகிறது. போடியாரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் வேலை வட்டையை விட்டுப் போன பின்னும் வேலைக்குப் போகவில்லை என்று வெட்டியவளைக் கேட்பது எப்படி? அவள் சும்மாவும் இருக்கவில்லை. விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறாள். இல்லையென்றால் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பிள்ளையை விட்டுப் போகாமல் இருக்க இந்தப் பணம் ஒருத்திக்கு உதவினால், அதைச் சோம்பல் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

தொகையையும் பார்ப்போம். வறியவர் என்று தெரிவாகும் குடும்பத்துக்கு 2023 இல் மாதம் 8,500 ரூபா, 2025 ஜனவரியிலிருந்து 10,000. மிக வறியவருக்கு 15,000 ஆக இருந்து 17,500 ஆகியது. 2024 டிசம்பரில் அரசாங்கமே நாட்டரிசிக்கு வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அந்த விலைக்குப் பார்த்தால் 10,000 ரூபாவுக்கு 43 கிலோ அரிசி வரும். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, கறியும் இல்லை, விறகும் இல்லை, பஸ் காசும் இல்லை. இதை வாங்கிக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருக்கும் வித்தையை அறிந்தவர் யாரும் இருந்தால் எங்கள் சங்கத்துக்கு வந்து கற்பிக்கட்டும். பாராளுமன்ற உறுப்பினர்கள் தீர்வையற்ற வாகன அனுமதி பெற்ற காலமெல்லாம், அதனால் அவர்களின் உழைப்புக் குணம் கெட்டுவிட்டது என்று ஒருவரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதுமல்ல. சுனாமிக்குப் பின் 2005 இல் வாவிக்குக் கிழக்கே கடலோரத்து எழுவான்கரைக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபா கொடுத்தபோதும், 2020 ஊரடங்கில் 5,000 ரூபா கொடுத்தபோதும் இதையே கேட்டோம். 2022 செப்ரெம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்ததாகக் கொழும்பு விலைச் சுட்டெண் சொன்னபோதும், நாங்கள் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்ததைச் சிக்கனம் என்று யாரும் பாராட்டவில்லை. 2023 இல் அஸ்வெசும பட்டியலை ஒட்டிவிட்டு, மேன்முறையீடும் செய்யலாம், அடுத்தவர் பெயருக்கு ஆட்சேபனையும் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் யார் யாருக்கு ஆட்சேபனை கொடுத்தார்கள் என்று சந்தேகப்பட்டு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கள் ஊரில் கணவன் விட்டுப்போன ஒரு பெண் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீட்டில் இருக்கிறாள். யானை உடைத்த பின்சுவரைச் சாக்கால் மூடியிருக்கிறாள். விபரம் எடுக்க வந்தவர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை, மின்சாரம் உண்டு என்று பதிந்துகொண்டு போனார். அவள் பெயர் வரவில்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பதில் கேட்கப் போனால், கணினியில் இருக்கிறது என்கிறார்கள்.

காசாகக் கொடுப்பதில் கேடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கேடு உண்டு, அது கட்டுரையாளர் பார்த்த பக்கத்தில் இல்லை. காசு எந்தத் திகதியில் வங்கிக்கு வரும் என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை. நுண்கடன் வசூலிக்க வருகிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. குழுக் கடன் எடுத்த வீட்டு வாசலில் அன்றைக்கு மோட்டார் சைக்கிள் நிற்கும். முன்கூட்டியே தெரிந்தால், கிழமைத் தவணைக்கு நாள் சொல்லலாம், கடை முதலாளியிடமும் தவணை கேட்கலாம். தெரியாததால் இடையில் நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு வாங்குகிறார்கள், காதுத் தோட்டை ஈடு வைக்கிறார்கள், வந்த காசில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. வெறுங்கையோடு திரும்புவதற்காகப் பஸ்ஸுக்கும் செலவழிக்கிறார்கள். கிராமத்துக் கடன் பற்றிக் கட்டுரை எழுதுவதற்கு இதில் விஷயம் நிறைய இருக்கிறது. ஒருவேளை சாராயக் கடை அளவுக்குச் சுவையாக இராது.

தங்கள் கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் எங்கள் பக்கம் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்புவோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சீட்டிழுப்பு முடிவுகளை நாள் தவறாமல் வெளியிடும் தங்கள் பத்திரிகை, ஒவ்வொரு மாதமும் அஸ்வெசும பணம் வங்கிகளுக்கு வரவு வைக்கப்படும் திகதியையும், மேன்முறையீடு ஏற்கப்படும் கடைசித் திகதி அறிவிக்கப்பட்டால் அதையும், அதே அளவு எழுத்தில் ஒரு மூலையில் போடவேண்டும். பத்திரிகை எங்கள் ஊருக்கு மத்தியான பஸ்ஸில்தான் வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு புறப்பட்டால் வங்கி மூடிவிடும். ஆகையால் குறைந்தது முதல் நாளாவது போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
மாதர் சங்கப் பொருளாளர் ஒருவர்,
போரதீவுப்பற்று, மட்டக்களப்பு.