முழங்கால் அல்ல, கணுக்கால்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பூநாரை படம் போடும்போதெல்லாம் ‘முழங்கால் பின்பக்கமாக மடங்கும் பறவை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது முழங்காலே அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, உடலை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது.

நிறமும் பிறவியில் வருவதல்ல. குஞ்சு சாம்பல் நிறம்தான். உப்பு ஏரிப் பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி உடலில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சேற்றைக் குவித்துக் கட்டிய மேட்டில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு பொரிந்ததும் தாயும் தந்தையும் தொண்டைக்குள் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டுகின்றன. ஆமாம், தந்தைக்கும் சுரக்கும்! பாலோடு நிறமும் போய்விடுவதால் ஊட்டும் காலத்தில் பெற்றோர் வெளிறிப்போவதும் உண்டு.

அப்புறம், அந்த ஒற்றைக்கால் தவம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்தது. இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை. அப்படி நிற்பதற்குத் தசைக்கு அதிக வேலையே இல்லையாம். நாம்தான் அதைப் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை படம் வரும்போது கணுக்காலைக் கணுக்கால் என்றே போடுங்கள்.

– ஒரு வாசகர்