காலி இருக்கைக்கும் பெட்ரோல் ஊற்றுகிறோம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். முழங்கை தேவலாம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். முடிச்சு வாத்தியார் நலம். பாறை ஏறுமுன் இடுப்பில் கட்டும் எட்டு முடிச்சை இரண்டு தரம் தொட்டுப் பார்க்காமல் இன்னமும் யாரையும் தரையைவிட்டுக் கிளம்ப விடுவதில்லை.

இன்று என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அவர் சொன்ன செய்தி. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லையாம், இனி பாறை ஏற வரமாட்டாயாம், ஜிம் சுவரே போதுமாம், விழுந்தால் அடிபடாமல் பாறையடியில் விரிக்கும் மெத்தைகளையும் விற்கப் போகிறாயாம். மழை நின்ற மறுநாளே "காய்ந்திருக்கும், வா வா" என்று எல்லாரையும் எழுப்பிவிடும் ஆள் நீதானேடா! மெத்தையை விற்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிடு.

முதலில், எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பார்த்தாயா? திரையில் காட்டும் மைலேஜை அப்படியே நம்பாதே. பங்க்கில் குழாய் முதல் தடவை 'டக்'கென்று நிற்கும்வரை நிரப்பு. அதற்குமேல் திணிக்காதே, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போனால் அதுவும் கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. போய்த் திரும்பி, முடிந்தால் அதே குழாயில், மறுபடி முதல் 'டக்' வரை நிரப்பு. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்தப் பாதையில் உன் வண்டியின் மைலேஜ். ஒரு தடவை எடுத்தது போதாது, மூன்று பயணத்தின் சராசரி வேண்டும். போக 140, வர 140, ஆக 280 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். லிட்டருக்கு 14 ஓடும் வண்டி 20 லிட்டர் குடிக்கும். விலை தினம் மாறட்டும், நான் லிட்டரிலேயே பேசுகிறேன்.

நாம் எப்படிப் போய்க்கொண்டிருந்தோம்? நான்கு பேர், இரண்டு வண்டி, 40 லிட்டர், தலைக்கு 10. ஒரு தடவை மூன்று வண்டியில் ஊர்வலம் போனதை நான் ஞாபகப்படுத்தவே வேண்டாம். அதே நால்வரும் ஒரே வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? ஆள் 70 கிலோ, பை 15 கிலோ என்றால் கூடுதலாக வரும் இருவரால் 170 கிலோ ஏறும். சுமார் 45 கிலோ பாரத்துக்கு மைலேஜ் 1 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 4 சதவீதத்துக்குள்தான். 20 லிட்டர் 21 ஆகும், தலைக்கு ஐந்தேகால்.

மலைப்பாதையில் பாரம் தின்னுமே என்பாய். தின்னும். எவ்வளவு என்று பார். ஆள்களோடு 1440 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் ஏற சுமார் 7 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 32 மெகாஜூல், அதில் என்ஜின் சக்கரத்துக்குக் கொடுப்பது கால்வாசி, சுமார் 8. ஆக ஒரு மலை ஏற்றத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைய. அதில் ஓர் ஆளும் அவன் பையுமாக 85 கிலோவுக்கு விழும் பங்கு 50 மில்லி. ஒரு சின்ன மருந்து பாட்டில் அளவு! உட்கார ஆளில்லாத இருக்கையையும் நாம் மலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் போகிறோம், அதற்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை. செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இங்கே உன் மெத்தை குறுக்கே வருகிறது, தெரியும். 100க்கு 130, கனம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு மெத்தையே 130 லிட்டர் இடம் பிடிக்கும். சின்ன காரின் டிக்கி 300 லிட்டர் இருந்தால் பெரிய விஷயம். இரண்டு மெத்தை வைத்தால் பைகள் மடியில்தான். கீல் மடிப்பு மெத்தை இரண்டாக மடிந்து தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். தோசை மாதிரி வளையும் ரகம் அப்படி உட்காராது, நடுவில் உப்பி நிற்கும். உன்னிடம் இருக்கும் மூன்றில் அந்த வளையும் ரகத்தை மட்டும் விற்றுவிடு, ஆட்சேபமே இல்லை.

டிக்கியில் அடங்காவிட்டால் கூரையில் கட்டலாம். கூரையில் எதைக் கட்டினாலும் காற்று தடுக்கும் என்பது நிஜம். பெரிய மழுங்கிய பெட்டிக்கு அதே எரிசக்தித் துறை சொல்வது சாதாரண நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் மைலேஜ் நஷ்டம், அதிவேகச் சாலையில் 10 முதல் 25. மெத்தைக்கு 20 என்று தாராளமாகவே போடு. 21 லிட்டர் 26 ஆகும். நால்வருக்குப் பிரித்தால் ஆறரை. தலைக்கு 10 கொடுத்ததோடு இதை ஒப்பிட்டுப் பார். ஆக மெத்தைக்காக இன்னொரு வண்டி எடுக்காதே, கூரையில் கட்டு.

கட்டும்போது இவற்றைக் கவனி. மடிப்பின் மூடிய பக்கம் முன்னால் இருக்கட்டும், திறந்த பக்கம் முன்னால் இருந்தால் காற்று உள்ளே புகுந்து பிளந்துவிடும். குறுக்கே இரண்டு பட்டை, முன்பக்கம் பம்பரை நோக்கி ஒன்று. பட்டையை ஓர் அரைச் சுற்று முறுக்கிவிட்டால் வழியெல்லாம் ரீங்காரம் போடாது. பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கு, ஏனென்றால் அதற்குள் நுரை அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும். மழைக்கு உறை போடு. நனைந்த நுரை காய நாளாகும், அதுவரை பாரம் வேறு. ஏறும் கயிற்றால் மட்டும் கட்டாதே. வாத்தியார் பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் வாரம் முழுக்க கூரையில் வெறும் கேரியரைச் சுமந்துகொண்டு ஆபீஸ் போகிறாயே, அதைக் கழற்று. நான்கு போல்ட், பத்து நிமிஷம். வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சாமான் விஷயத்தில் நம் எல்லாருக்கும் ஒரே வியாதி. நான்கு பேர் வந்தால் நான்கு கயிறு வருகிறது. இரண்டு ஜோடிக்கு இரண்டு கயிறு போதும். 9.8 மில்லிமீட்டர், 60 மீட்டர் கயிறு ஒன்றே 3.7 கிலோ. எடையைவிட அது அடைக்கும் இடம்தான் பிரச்சினை. முந்தின இரவே யார் கயிறு, யார் க்விக்டிரா (பாறை போல்ட்டில் கயிற்றை மாட்டும் ஜோடிக் கொக்கி), யார் முதலுதவி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மிகவும் முக்கியம்: விலை ஏறுமுன் வாங்கிவைக்கிறேன் என்று பெட்ரோல் கேனைக் கயிற்றோடு டிக்கியில் வைக்காதே. மூடின வண்டிக்குள் அந்த ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும். பழைய பேட்டரியையும் வைக்காதே. பேட்டரி அமிலம் பட்ட நைலான் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே வலுவிழந்துவிடும். அமிலம் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் கயிறு ஏறத் தகாது.

பணம் பிரிக்கும் பேச்சைக் கிளம்புமுன் முடித்துவிட வேண்டும். திரும்பும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள், அப்போது கணக்குப் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஊற்றிய லிட்டர், அன்றைய விலை, சாலைக் கட்டணம், நிறுத்தக் கட்டணம், எல்லாவற்றையும் கூட்டி ஓட்டுநரையும் சேர்த்துத் தலைக்குச் சமமாக வகு. டயரும் எண்ணெயும் தேய்கிறதே, அதற்கு வண்டிக்காரருக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டிக் கொடுப்பது நியாயம். எப்போதும் ஒருவன் வண்டியே தேயாமல் முறை வைத்து எடுத்தால் அதுவும் வேண்டாம். செலவுக்குமேல் வாங்காதே, பல நாடுகளில் அது வாடகை ஓட்டமாகிவிடும், விபத்து நடந்தால் காப்பீடு கைவிடும். முந்தின இரவு "வரவில்லை" என்பவன் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்பது என் கட்சி. அந்த நேரத்தில் இருக்கைக்கு வேறு ஆள் கிடைக்காது.

இனி வீண் பயணம். 140 கிலோமீட்டர் போய் ஈரப் பாறையைப் பார்த்துத் திரும்பினால் அந்த 20 லிட்டரும் தண்டம். அன்றைய வானிலையை மட்டும் பார்ப்பது போதாது, கடந்த மூன்று நாள் பெய்ததையும் பார். கருங்கல் வெயிலும் காற்றும் இருந்தால் சில மணி நேரத்தில் காயும். சுண்ணாம்புக்கல்லில் மழை விட்ட பல நாள் கழித்தும் உள்ளிருந்து நீர் கசியும், குறிப்பாகத் துளைகளிலும் வெடிப்புகளிலும். மணற்கல்தான் ஆபத்து. மேல்பரப்பு காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் வலு குறையும், பிடி உடையும், பாறையில் அடித்த போல்ட்டும் நம்பகமில்லை. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தொடக் கூடாது. அடிவாரத்து மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார், ஈரமாக இருந்தால் பாறையும் ஈரம்தான். இதில் உன் "காய்ந்திருக்கும்" ஜோசியம் செல்லாது. வெயில் எப்போது எந்தச் சுவரில் விழும் என்பதையும் வரைபடத்தில் சுவரின் திசை பார்த்து வீட்டிலேயே பார்த்துக்கொள், இல்லாவிட்டால் நிழல் தேடி ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி ஓட்டிக்கொண்டே பொழுது போகும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் சில சுவர்களை மூடிவிடுவார்கள், அதையும் விசாரி.

இரண்டு ஞாயிறு போவதைவிட ஒரே தடவை போய் இரண்டு நாள் தங்கு. 40 லிட்டர் 20 ஆகிவிடும். கெடுவது விரல் தோல்தான். முதல் நாள் காலையிலேயே கூர்மையான சின்னப் பிடிகளில் உயிரைக் கொடுத்தால் மறுநாள் வேடிக்கைதான் பார்க்கலாம். கடினமான ஒன்றே ஒன்றை முதல் நாள் எடு, முயற்சிக்கு முயற்சி ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடு, நுனி இளஞ்சிவப்பாகிப் பளபளத்தால் நிறுத்து. தூக்கிய தோலை அரத்தால் தேய்த்துச் சமமாக்கு. இரண்டாம் நாள் சரிவுப் பாறை, வெடிப்பு, நீளமான எளிய ரூட் என்று போ. விரலின் அடிக்கணுவில் அழுத்தினால் வலித்தால் அன்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிப்பதோடு நிறுத்திக்கொள். முழங்கையையும் இதில் சேர்த்துக்கொள்.

ரயிலை நாம் ஏன் மறந்தோம்? ஜெர்மனியின் டிரெஸ்டன்காரர்கள் எல்பே மணற்கல் பாறைகளுக்கு எஸ்-1 உள்ளூர் ரயிலில் போகிறார்கள். பாரீஸ்காரர்கள் ஃபோன்டென்ப்ளோ காட்டுக்கு ரயிலில் போய், பெரிய மெத்தை இல்லாத காலத்தில் கால் துடைக்கும் விரிப்பை வைத்து ஏறினார்கள். 1931இல் ஷ்மிட் சகோதரர்கள் மூனிக்கிலிருந்து சைக்கிளிலேயே போய் ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் வடக்கு முகத்தை முதன்முதலாக ஏறினார்கள். உன்னைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லவில்லை. கயிறில்லாமல், கீழே மெத்தை விரித்துத் தாழ்ந்த பாறையில் ஏறும் பௌல்டரிங்கைவிடக் கயிற்று ஏற்றம் பேருந்துக்கும் ரயிலுக்கும் ஏற்றது என்கிறேன். கயிறு, 12 க்விக்டிரா, ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டை, ஷூ, ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 45 லிட்டர் பையில் பத்துப் பதினொரு கிலோவுக்குள் அடங்கும். கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கடைசி ரூட்டை முடித்துவிட வேண்டும். அவசரத்தில் பெலே போடுவதும் (ஏறுபவரின் கயிற்றைப் பிடிப்பதும்) இறங்குவதும் எனக்குப் பயம்.

ஓட்டும் முறை பற்றிக் கொஞ்சம்தான். 110க்குப் பதில் 90இல் போ. காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறுவதால் 110இல் ஒன்றரை மடங்கு தடுக்கும், 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவதோ 12 நிமிஷம். டயர் காற்றை வண்டி சூடாகும் முன் பார். கதவோரத்து ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு வேறு எண் இருக்கும், நால்வர் ஏறும்போது அதுதான் கணக்கு. 10 டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். மண் பாதைக்காகக் காற்றைக் குறைத்திருந்தால் தார் சாலைக்கு ஏறுமுன் நிரப்பிவிடு. இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தை உடனே விடு! கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்ஷன் என்ஜின் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் அது ஓடிக்கொண்டே குடிக்கும், பாரமெல்லாம் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நால்வரையும் ஏற்றிக்கொண்டு அதைச் செய்யாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனி, ஞாயிறு. வாத்தியார், நான், பெரியவன் மூவரும் உறுதி. வண்டி என்னுடையது, நான்காவது இருக்கை காலி. கயிறு இரண்டும் எங்களிடம் இருக்கிறது. நீ க்விக்டிரா 14, கீல் மடிப்பு மெத்தை ஒன்று, அரம் கொண்டு வந்தால் போதும். புதன்கிழமைக்குள் பதில் போடு. வியாழன் இரவு மழைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கயிற்றுத் துணை

பி.கு.: கேரியரைக் கழற்றியதும் போல்ட்டுகளைத் தனித்தனியாகத் தொலைக்காமல் ஒரு டப்பாவில் போட்டு, கேரியரோடு சேர்த்தே கட்டிவை.