வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் வரும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. புத்தகக் கூட்டங்கள் கோடை விடுமுறை தவிர மாதாமாதம் நடந்தன. பிள்ளைகளின் திருக்குறள் போட்டியில் பரிசு பெற்றவர்கள் பட்டியல் முன்பே அனுப்பப்பட்டது. சுற்றுலா மழையால் நின்றுபோனது.

இனி, சிலர் நேரிலும் பலர் முதுகுக்குப் பின்னாலும் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமிழ் வாசகர் வட்டம் எதற்காக லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், வரலாறு பற்றி மூன்று உரைகள் நடத்த வேண்டும்?

நாம் குடியிருப்பது கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடத்தின் தரவரிசையைப் பார்த்துத்தான் தெருவையே முடிவு செய்கிறோம். அந்தப் பள்ளிகளுக்குள் யார் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் உரை செப்டம்பரில், ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்தில், நூலகக் கூட்ட அறையில் நடந்தது. பேச வந்த வரலாற்றுப் பேராசிரியை திரையில் எதையும் காட்டவில்லை. மேசைமேல் மாவட்ட வரைபடத்தை விரித்து, எங்களை எழுந்து வந்து சுற்றி நிற்கச் சொன்னார். வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சான்டா ஆனா, எல் மொடேனா என்று நான்கு இடங்களைப் பேனாவால் வட்டமிட்டார். நாம் தினமும் கடந்து போகிற ஊர்கள்தான். 1945 மார்ச்சில் ஐந்து மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளுக்கு ஒதுக்கியதை எதிர்த்து இந்த நான்கு ஊர்களின் பள்ளி நிர்வாகங்கள்மீது வழக்குப் போட்டன.

அந்த ஐந்தில் ஒன்றான மெண்டெஸ் குடும்பம் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. நிலம் முனெமிட்சு என்ற ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்துடையது. அவர்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அரிசோனாவில் போஸ்டன் (Poston) முகாமில் அடைத்திருந்தது. மெண்டெஸ் பிள்ளைகளை அத்தை சொலடாட் விடௌரி தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். வெளுத்த நிறமும் பிரெஞ்சு மாதிரித் தொனிக்கும் குடும்பப் பெயரும் இருந்ததால் அத்தையின் பிள்ளைகளுக்கு இடம் உண்டு, மெண்டெஸ் பிள்ளைகளுக்கு இல்லை என்றார்கள் பள்ளியில். அத்தை ஒருவரையும் சேர்க்காமல் எல்லாரையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். இதைச் சொன்னபோது எங்கள் பொருளாளரின் அம்மா, "நல்ல பொம்பளை!" என்று சத்தமாகவே சொன்னார்.

1946 பிப்ரவரியில் நீதிபதி பால் மெக்கார்மிக் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு, பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்துவைக்க இடம்கொடுத்த மாநிலச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்டார். பள்ளிகளில் பிள்ளைகளை இனத்தால் பிரிப்பது செல்லாது என்று நாடு முழுமைக்கும் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பை எழுதிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவரேதான்.

அப்போது இந்தியர்கள் இங்கே இருந்தார்களா என்று ஒருவர் கேட்டார். இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபிகள் மெக்சிகன் பெண்களை மணந்து வாழ்ந்ததைப் பேராசிரியை விவரித்தார். கூட்டம் அரைமணி நேரம் கூடுதலாக நீண்டது. நூலகர்தான் விளக்கை அணைத்து எங்களைக் கிளப்பினார்.

இரண்டாவது உரை, சான்டியேகோ அருகே லெமன் குரோவ் பற்றியது. 1931 ஜனவரியில் அங்கே பள்ளித் தலைமையாசிரியர் வாசலில் நின்று மெக்சிகன் பிள்ளைகளை மட்டும் தனிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். பெற்றோர் அதைக் குதிரை லாயம் என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். ரொபெர்டோ ஆல்வாரெஸ் என்ற சிறுவனின் பெயரில் வழக்குப் போட்டு வென்றார்கள். யாரும் மேல்முறையீடு செய்யாததால் மற்ற ஊர்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தவில்லை. அப்புறம்தான் மெண்டெஸ் வழக்கு தேவைப்பட்டது. இந்த உரைக்கு வந்தவர்கள் முதல் உரைக்கு வந்தவர்களில் பாதிகூட இல்லை.

மூன்றாவது உரை மார்ச்சில். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறியது பற்றி. தங்கள் வரலாற்றைப் பாடத்தில் சேர்க்கவும், இரு மொழிகளில் கற்பிக்கவும் கேட்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கைதானார். தமிழ்ப் பள்ளி நடத்துகிற நாம் கேட்க வேண்டிய பேச்சு. ஆனால் அன்று ஒரு அரங்கேற்றம், இரண்டு பிறந்தநாள். வருகிறேன் என்று வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே வாசிக்கப் போவதில்லை. பேராசிரியை முகம் சுளிக்கவில்லை. காலி நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, இருந்தவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசினார்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறிது கையிருப்பு உண்டு, விவரம் பொருளாளரிடம். பேச்சாளருக்குக் கொடுத்த தொகை பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. மூன்று உரைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது, விழாவில் மிஞ்சிப்போன சாப்பாட்டின் விலைக்குள் அடங்கும். சாப்பாட்டு ரசீதை யாரும் விவாதிக்கவில்லை.

சந்தா பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இந்த ஆண்டுச் சந்தாவைத் தரவில்லை. சிலர் போன ஆண்டுடையதையும் தரவில்லை. இலக்கியச் சேவைக்குப் பணமா என்று கேட்ட நண்பர், விழாப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார்.

அறை தந்த நூலகத்துக்கும், தேநீர் போட்ட அண்ணிக்கும், ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. குவாத்தமாலாவிலிருந்து வந்து இங்கே தொழிற்சங்கம் கட்டிய லூயிசா மொரேனோ பற்றிப் பேச அதே பேராசிரியை இசைந்திருக்கிறார். தேதியை நான் இன்னும் உறுதி செய்யவில்லை, ஏனென்றால் பணம் யார் கையிலிருந்து வரும் என்று தெரியவில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் கோப்புகளை அன்றைக்கே ஒப்படைக்கிறேன். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று நம் விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. இதுவரை அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. தேர்தல் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அரைமணி முன்னதாகவே வந்துவிடுவார்.