நின்றுபோன செயற்கைக்கோளும் நிழல் விழாத கோபுரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஞாயிறு இணைப்பில், கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடப்படும் வியப்புச் செய்திகளில் பெரும்பாலானவை, இதழ் என் வீட்டு வாசலில் விழுவதற்கு இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே என் மைத்துனர் வாயிலாக வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அவர் அனுப்புவதை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். அதே செய்தி அச்சில் வரும்போது அப்படி இருக்க முடியவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள் என்று கேட்கும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று செல்கின்றன என்றும், நாசா விஞ்ஞானிகள் அதைக் கண்டு திகைத்தார்கள் என்றும் ஒரு செய்தி. எந்த ஆண்டு, எந்தச் செயற்கைக்கோள், திகைத்தவர் யார் என்பது ஒன்றும் அதில் இல்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்வது விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் காக்கிறது. நின்று ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட அது பெரியார் நிலையத்து டவுன் பஸ் அல்ல. ஏழரைச் சனியை முழுமையாக அனுபவித்தவன் என்ற முறையில் சனி பகவானிடம் எனக்கு அச்சமும் மரியாதையும் உண்டு. அவருக்கு நாசாவின் சிபாரிசு தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன என்பது இன்னொன்று. இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. காளத்தி, காஞ்சி, தில்லை ஆகிய மூன்றும் ஏறக்குறைய 79.7 பாகையில் இருக்கின்றன, அது வியக்கத்தக்கதே. ஆனால் திருவண்ணாமலை 79.07-இலும், திருவானைக்கா 78.71-இலும் இருக்கின்றன. தில்லைக்கும் திருவானைக்காவுக்கும் கிழக்கு மேற்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகல். என் பணிக்காலத்தில் அரைச் சங்கிலி விலகியிருந்தாலே விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும். மூன்று கோயில் என்று உண்மையைச் சொல்லி நிறுத்தியிருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்திதான். காலையிலோ மாலையிலோ அங்கே சென்றவர்கள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார்கள். சொல்லிப் பயனில்லை என்பதால் செய்தே பார்த்தேன். நான் வசிக்கும் மதுரை 9.92 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. நம் தீர்க்கரேகை இந்திய நேரத்துக்குரிய 82.5 பாகைக்கு மேற்கே இருப்பதால் அது நிகழும் நேரம் பன்னிரண்டு மணி அல்ல, ஏறக்குறைய 12.18.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாயைத் தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தாக நிறுத்தினேன். பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். செருப்பில்லாமல் வந்த என் பேத்தி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு காவல் காத்தாள். குழாயின் நிழல் மேற்கே இரண்டு விரற்கடையாகக் குறுகி, ஒரு விரலாகி, 12.18-க்கு அடியோடு காணாமல் போய், சற்று நேரத்தில் கிழக்கே எட்டிப் பார்த்தது. டம்ளரின் நிழலோ பன்னிரண்டு மணிக்கே மறைந்துவிட்டிருந்தது, பன்னிரண்டரைக்கும் வரவில்லை. கவிழ்த்த டம்ளர் கீழே அகன்று மேலே குறுகியது என்பதால், வெயில் செங்குத்துக்கு அருகில் இருக்கும் வரை தன் நிழலைத் தன் மேலேயே வாங்கிக்கொள்கிறது. பெரிய கோயில் விமானமும் மேலே செல்லச் செல்லக் குறுகுவதுதான். உச்சிவேளையில் அதன் நிழலின் பெரும்பகுதி அதன் படிநிலைகளின் மேலும் அடித்தளத்தின் மேலுமே விழுகிறது. 1010-இல் கட்டி முடித்த ராஜராஜனின் கைவினைஞர்களுக்கு அந்த உயரமே போதிய பெருமை. நிழல் மறைந்ததைப் பெருமையென்று கொண்டால், எங்கள் மாடியில் துணி காயப்போடும் கம்பத்துக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

மொழியைப் பற்றிய செய்திகளுக்கு வருகிறேன். கொரியர்களும் அம்மாவை ஒம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் அழைப்பதால் அவர்கள் நம்மவர்களே என்று எழுதியிருந்தீர்கள். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் ஒரு நூல் வெளியிட்டார் என்பதால், இது புதிய ஆசையும் அல்ல. ஆனால் குழந்தையின் வாயில் முதலில் வருபவை இதழ் கூடிப் பிறக்கும் ஒலிகளே என்பதையும், பெற்றோர் அவற்றைத் தம்மை அழைப்பதாக எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடப்பதே என்பதையும் மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் விளக்கியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா; நம் ஊரில் காதணி விழாவுக்குச் சீர் சுமந்து வரும் மாமா அங்கே போனால் கணக்கே மாறிவிடும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உறவைக் காட்டும் சான்று வேறு வகையானது: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து என்று தமிழின் பகரம் நின்ற இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வரிசை பிறழாமல் நிற்கிறதே, அதுதான் அளவுகோல். அதைப் போட்டுப் பார்க்காமல் பட்டா எழுத முடியாது.

கீழடிக்குப் பத்தாயிரம் ஆண்டு என்றும் ஒரு செய்தி வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியது என்று 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆழத்தோடும் ஆண்டோடும் கிடைத்த அந்த எண்ணை விட்டுவிட்டு, யாரும் அளக்காத ஒன்றை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? மாங்குளம் அருகே மீனாட்சிபுரத்து மலையில் முழங்கால் வலியோடு ஏறினால், நெடுஞ்செழியன் பெயரும் கணி நந்தாசிரியன் பெயரும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டாகக் குகைப் பாறையில் இருக்கின்றன. ராபர்ட் சிவெல் அவற்றை 1882-இல் கண்டறிந்தார். அதில் உள்ளவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பதைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1965-இல் நிறுவினார். இடையில் எண்பத்து மூன்று ஆண்டுகள். என் மைத்துனர் இதை இதுவரை அனுப்பியதில்லை.

அந்தக் கட்டத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. இணைப்பில் நான் முதலில் படிப்பதே அதைத்தான். ஒவ்வொரு செய்தியின் கீழும், அளந்தவர் யார், எப்போது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரிக்கு விவரம் கிடைக்காத வாரங்களில் கோலப் புள்ளிகளைப் போடலாம். வரும் ஏப்ரல் இரண்டாவது ஞாயிறன்று, மதுரையில் நிழல் மறையும் நாளையும் 12.18 என்ற நேரத்தையும் அதே கட்டத்தில் வெளியிட்டால் வாசகர்கள் தத்தம் மாடிகளிலேயே சரிபார்த்துக்கொள்வார்கள். அன்று மேகம் மூடினால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.