பயணச்சீட்டில் ஒரு நிறுவனம், வானில் இன்னொரு நிறுவனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானப் பயணச்சீட்டில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டை, விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் அடையாளமாகவே பெரும்பாலான பயணிகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது சீட்டை விற்ற நிறுவனத்தின் குறியீடு. தாய் நிறுவனம் தன் குறியீட்டில் இருக்கையை விற்றுவிட்டு, துணை நிறுவனத்தின் விமானத்தில் பயணியை அனுப்பிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘எஸ்.க்யூ.’ எண்ணில் சீட்டு வாங்கியவர் ஏறி அமர்வது, ‘டி.ஆர்.’ என்ற தனிக் குறியீடு கொண்ட அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டின் விமானமாக இருக்கலாம். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு இதில் குழப்பமே இல்லை. அங்கே அந்த விமானத்துக்கு ‘ஸ்கூட்டர்’ என்றுதான் பெயர். பணம் கொடுத்த பயணிக்கு மட்டும் அது பொடி எழுத்தில் சொல்லப்படுகிறது.

இந்தியாவில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்தபோது, அதன் ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானங்களுக்கு ‘ஏ.ஐ.’ குறியீட்டுடன் 9-இல் தொடங்கும் நான்கிலக்க எண்கள் இருந்தன. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் சென்றது. அலையன்ஸ் ஏர் அரசிடமே இருந்துவிட்டது. அந்த ஏப்ரலில், அத்தகைய எண்கள் கொண்ட சீட்டுகளுக்கு இனி அலையன்ஸ் ஏரையே அணுக வேண்டும் என்று ஏர் இந்தியா அறிவித்தது. ஏற்கெனவே சீட்டு வாங்கியிருந்தவர், முதல் இலக்கத்தைப் பார்த்து, தான் யாருடைய பயணி என்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது.

இதே குறியீட்டைப் பயணிக்கு உதவும்படியும் கையாள முடியும். 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, அதன் பழைய எண்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டு, ‘யு.கே. 955’ என்பது ‘ஏ.ஐ. 2955’ ஆனது. எது பழைய விஸ்தாரா விமானம் என்று அறிய விரும்பியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பெட்டியின் எடை வரம்பு, உணவு, எந்தக் கவுன்ட்டரில் வரிசையில் நிற்பது ஆகியவை மட்டுமல்ல, பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் விழுந்து நொறுங்கி, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். சீட்டு கான்டினென்டல் ஏர்லைன்ஸ் பெயரில் விற்கப்பட்டிருந்தது. விமானத்தை இயக்கியதோ ஒப்பந்த நிறுவனமான கோல்கன் ஏர். விமானிகளின் பயிற்சியும் களைப்பும் விசாரணையில் பெரும் கேள்விகளாயின. அதன் பிறகு 2010-இல் வந்த சட்டம், சீட்டு விற்கும் இணையதளங்கள் பயணத்தைக் காட்டும் முதல் திரையிலேயே இயக்கும் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2005-ஆம் ஆண்டின் விதி, அந்தப் பெயரை முன்கூட்டியே அறிவதைப் பயணியின் உரிமையாக்கியிருக்கிறது.

நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விற்கும் நிறுவனத்தின் குறியீடு எந்த அளவு எழுத்தில் அச்சாகிறதோ அதே அளவில் இயக்கும் நிறுவனத்தின் பெயரும் குறியீடும் சீட்டிலும், போர்டிங் பாஸிலும், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு இயக்கும் நிறுவனம் மாறினால், கட்டணத்தை முழுமையாகத் திரும்பப் பெறும் உரிமையும் பயணிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி